பழைய டிஜிட்டல் ஆஸிலாஸ்கோப்பில் பிக்சர் டியூபுக்குப் பதில் எல்சிடி பொருத்துவது: முழுமையான வழிகாட்டி

இந்த வேலையில் இறங்குகிறவர்களில் பாதிப் பேர் முதல் நாளே எல்சிடி பேனலை வாங்கிவிடுகிறார்கள். அப்புறம்தான் ஸ்கோப்பைத் திறந்து, உள்ளே என்ன சிக்னல் வருகிறது என்று பார்க்கிறார்கள். பேனல் பொருந்தாமல் போகும், அல்லது படம் உருளும், அல்லது கோளாறே டியூபில் இல்லை என்று தெரியவரும். பேனல் வாங்குவது இந்த வரிசையில் ஏழாவது வேலை. அதற்கு முன்னால் உள்ள ஆறையும் முடித்தால், பிறகு வருவது பெரும்பாலும் ஒயரிங்கும் தகடு வெட்டுவதும்தான்.

1. உங்கள் ஸ்கோப் இதற்கு ஏற்றதா?

அனலாக் ஸ்கோப் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். டெக்ட்ரானிக்ஸ் 465, 2465, கல்லூரி லேப்களில் கிடக்கும் ஹாமெக் 203 போன்றவற்றில் உள்ளீட்டு சிக்னல்தான் எலக்ட்ரான் கற்றையை நேரடியாக மேலும் கீழும் இழுக்கிறது. டியூப் அங்கே வெறும் திரை இல்லை, அளக்கும் சுற்றின் கடைசிப் பகுதி. அதை எடுத்துவிட்டால் எல்சிடிக்குக் கொடுக்க வீடியோ என்று எதுவும் மிஞ்சாது.

டிஜிட்டல் என்று எழுதியிருந்தாலே போதும் என்றும் நினைக்க வேண்டாம். டெக்ட்ரானிக்ஸ் 2430 டிஜிட்டல் ஸ்கோப்தான். ஆனால் அதன் திரையில் கற்றை எழுத்தையும் கோட்டையும் பேனாவால் வரைவது மாதிரி வரைகிறது. அதை எல்சிடிக்கு மாற்ற எக்ஸ், ஒய், பிரகாசம் மூன்றையும் வேகமாக டிஜிட்டலாக்கி, நினைவகத்தில் படமாகக் கோர்த்து வெளியே அனுப்ப வேண்டும். அது தனி ப்ராஜெக்ட்.

நமக்கு வேண்டியது பழைய டிவி போல வரி வரியாகப் படம் வரையும் ராஸ்டர் வகை. டெக்ட்ரானிக்ஸ் டிடிஎஸ் 500, 600, 700 வரிசைகளும் எச்பி 54600 வரிசையும் இதில் சேரும். அடையாளம் காண டியூபின் கழுத்தைப் பாருங்கள். செம்புக் கம்பி சுற்றிய யோக் இருந்தால் பெரும்பாலும் ராஸ்டர். யோக் இல்லாமல் டியூப் நீளமாக இருந்து, கழுத்தின் பக்கவாட்டிலும் பின்கள் வந்தால் அது மின்புலத்தால் கற்றையை வளைக்கும் வகை, விட்டுவிடலாம்.

2. கெட்டது டியூப்தானா?

திரை இருட்டாக இருப்பதால் மட்டும் டியூப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. முதலில் ஸ்கோப்பின் மூளை ஓடுகிறதா என்று பாருங்கள். ஆன் செய்ததும் உள்ளே ரிலே சத்தம் வர வேண்டும். வோல்ட்ஸ் நாபைத் திருப்பும்போதும் 'டக் டக்' என்று கேட்க வேண்டும். புரோப் காம்பன்சேஷன் முனையில் (புரோபைச் சரிபார்க்க ஸ்கோப்பின் முகப்பில் உள்ள முனை) சதுர அலை இருக்க வேண்டும். இவை எதுவும் இல்லாவிட்டால் பிரச்சினை பவர் சப்ளையிலோ புராசஸர் போர்டிலோ இருக்கிறது. எல்சிடி வைத்தால் இருட்டான எல்சிடிதான் கிடைக்கும்.

டிடிஎஸ் வரிசையின் பல மாடல்களில் பின்பக்கம் 15 பின் விஜிஏ சாக்கெட் உண்டு. சாதாரண கம்ப்யூட்டர் மானிட்டரைச் செருகிப் பாருங்கள். அதில் படம் தெளிவாக வந்தால் வேலையில் முக்கால்வாசி முடிந்த மாதிரி.

மூளை சரி, திரைதான் இல்லை என்றால் டியூபை ஓட்டும் மானிட்டர் போர்டைப் பாருங்கள். வயதான எலக்ட்ரோலிடிக் கண்டென்சர், ஈஎச்டி (டியூபுக்கு ஹை வோல்டேஜ் தரும்) டிரான்ஸ்ஃபார்மர் கால்களில் விரிசல் விட்ட சால்டர், யோக் கனெக்டரில் கருகல் ஆகிய மூன்றும் டியூபைவிட அடிக்கடி போகின்றன. சில பத்து ரூபாய் கண்டென்சர்களில் தீர வேண்டிய வேலைக்கு எல்சிடி வாங்குவது வீண். டியூபின் எழுத்து மங்கி, பிரகாசத்தை முழுதாக ஏற்றினாலும் பரவி நின்றால், அல்லது கழுத்தில் ஹீட்டர் ஒளியே இல்லாமல் ஹீட்டர் பின்களுக்கிடையே மல்டிமீட்டர் ஓப்பன் காட்டினால், அப்போதுதான் டியூப் முடிந்தது.

3. கழற்றுவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

கருவிகள்: மல்டிமீட்டர், வேலை செய்யும் இன்னொரு ஸ்கோப், நல்ல காப்புள்ள நீண்ட ஸ்க்ரூடிரைவர், முதலை கிளிப் போட்ட ஒயர், சில மெகா ஓம் ஹை வோல்டேஜ் ரெசிஸ்டர், கண்ணாடிச் சில்லு தெறித்தால் தாங்கும் பாதுகாப்புக் கண்ணாடி. இன்னொரு ஸ்கோப் கட்டாயம். வீடியோ டைமிங்கை மல்டிமீட்டரால் அளக்க முடியாது, ஊகித்து வேலை செய்தால் ஒன்பதாம் படியில் மாட்டிக்கொள்வீர்கள். இரவலாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் ஸ்கோப்பில் விஜிஏ படமோ, டேட்டாவை வெளியே எடுக்க வழியோ இருந்தால் ஒரு அளவீடு எடுத்து வையுங்கள். உள்ளீட்டை ஷார்ட் செய்து, ஆகக் குறைந்த வோல்ட்ஸ் செட்டிங்கில், பேண்ட்வித் லிமிட் இல்லாமல், கோட்டின் தடிமன் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்சிடி பொருத்திய பின் இரைச்சல் கூடியதா என்று சொல்ல இந்த எண் ஒன்றுதான் சாட்சி. இதைத் தவிர்த்துவிட்டு, கடைசியில் 'முன்னாடியும் இப்படித்தான் இருந்ததோ' என்று விழிக்கிறவர்கள் நிறைய.

4. திறப்பதும் ஹை வோல்டேஜை இறக்குவதும்

மெயின்ஸ் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. டியூபின் அனோடில் (ஹை வோல்டேஜ் நுழையும் பக்கவாட்டு முனை) பத்தாயிரம் வோல்ட் அல்லது அதற்கு மேல் நிற்கும், பவர் போன பிறகும் டியூபே ஒரு கண்டென்சராக அதைப் பிடித்து வைத்திருக்கும்.

முதலை கிளிப் ஒயரின் ஒரு முனையை டியூபின் பின்புறக் கரும்பூச்சைத் தொட்டுக்கொண்டிருக்கும் பின்னல் எர்த் ஒயரில் மாட்டுங்கள். மறுமுனையை ரெசிஸ்டர் வழியாக ஸ்க்ரூடிரைவர் தண்டில் இணையுங்கள். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஸ்க்ரூடிரைவர் நுனியை அனோடு ரப்பர் தொப்பிக்குக் கீழே நுழைத்து உலோகக் கொக்கியைத் தொடுங்கள். சில விநாடி அப்படியே வையுங்கள். வேறு எங்காவது கைக்கெட்டிய கிரவுண்டில் இறக்காதீர்கள். அந்த மின்னோட்டம் லாஜிக் போர்டு வழியாகப் போனால் நல்ல ஐசியும் சேர்ந்து போகும்.

சில நிமிடம் கழித்து இன்னொரு முறை இறக்குங்கள். கண்ணாடிக்குள் ஊறிய சார்ஜ் மெல்ல மேலே திரும்பி வரும். ஒரு முறை இறக்கியாயிற்று என்ற தைரியத்தில் கை வைப்பவர்கள் அடி வாங்குவது இங்கேதான். அடியைவிட அதன் அதிர்ச்சியில் கை உதறி டியூபின் கழுத்தை உடைப்பதுதான் பெரிய ஆபத்து.

திறந்த கையோடு இரண்டு விஷயங்கள். முதல் தலைமுறை டிடிஎஸ் 520, 540 போன்றவற்றில் எஸ்எம்டி (போர்டின் மேல்பரப்பிலேயே சால்டர் செய்த) எலக்ட்ரோலிடிக் கண்டென்சர்கள் கசிந்து போர்டுத் தடங்களை அரிக்கும். கண்டென்சர்களைச் சுற்றிப் பச்சையோ பழுப்போ, மீன் வாடையோ இருந்தால் அந்த வேலையை முதலில் முடியுங்கள். அளக்கும் போர்டு செத்துக்கொண்டிருக்கும்போது திரைக்குச் செலவழிப்பதில் அர்த்தமில்லை. இரண்டாவது, பேட்டரியை உள்ளேயே வைத்து மூடிய டாலஸ் நினைவக சிப்களைத் தொடாதீர்கள். அவற்றை மாற்ற வேண்டியிருந்தாலும், உள்ளடக்கத்தை நகல் எடுத்த பிறகு, வேறொரு நாளில்.

5. டியூப் இருக்கும்போதே சிக்னலை அளப்பது

டியூபை இன்னும் கழற்ற வேண்டாம். மெயின் போர்டிலிருந்து மானிட்டர் போர்டுக்குப் போகும் கேபிளை மட்டும் பிடுங்குங்கள். அப்படிச் செய்தால் ஈஎச்டி ஓடாது, திறந்த பெட்டியில் ஹை வோல்டேஜ் பயம் இல்லாமல் அளக்கலாம். பவர் சப்ளையின் மெயின்ஸ் பக்கம் மட்டும் இன்னும் ஆபத்துதான், அதன் மூடியைக் கழற்றாதீர்கள்.

இப்போது ஆன் செய்யுங்கள். ஸ்கோப் வழக்கம்போல எழுந்து, ரிலே சத்தம் வந்தால் நல்லது. பவர் சப்ளை விட்டுவிட்டு 'டிக் டிக்' என்றால், மானிட்டரின் லோடு இல்லாமல் அது நிலைகொள்ளவில்லை என்று பொருள். மானிட்டருக்குப் போகும் பவர் ஒயரில் ஒரு தற்காலிக லோடு கொடுங்கள். 15 வோல்ட் லைன் என்றால் 22 ஓம் ரெசிஸ்டர் சுமார் 10 வாட் இழுக்கும். 25 வாட் ரெசிஸ்டராகப் போடுங்கள், 10 வாட் ரகம் கொதித்துவிடும்.

கேபிளின் ஒவ்வொரு பின்னையும் அளந்து தாளில் எழுதுங்கள். டிசி மட்டும் நிற்பவை பவர். 50, 60 ஹெர்ட்ஸ் வாக்கில் துடிப்பது வி-சிங்க், அதாவது புதிய படம் தொடங்கும் குறி. கிலோஹெர்ட்ஸில் துடிப்பது எச்-சிங்க், புதிய வரி தொடங்கும் குறி. மெனுவை மாற்றும்போது உருவம் மாறுவது வீடியோ. சிங்க்கின் அலைவெண்ணை மட்டும் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். துடிப்பு மேல்நோக்கியா கீழ்நோக்கியா, அதன் அகலம், சிங்க் முடிந்து வீடியோ தொடங்கும் வரை இடைவெளி, வீடியோ நீளம் ஆகிய நான்கும் வேண்டும். படம் ஒரு பக்கம் வெட்டுப்பட்டு நிற்கும்போது இந்தத் தாளைத்தான் தேடுவீர்கள்.

வீடியோ லைன் இரண்டு இருந்தால் குழம்ப வேண்டாம். ஒன்று முழுப் பிரகாசம், இன்னொன்று அரைப் பிரகாசம். அலைவடிவம் பளிச்சென்றும் கட்டக் கோடுகள் மங்கலாகவும் தெரிவது அதனால்தான். ஒன்றை விட்டுவிட்டால் கட்டமே தெரியாமல் போகலாம்.

6. எந்தப் பாதை?

எச்-சிங்க் எண்தான் இங்கே தீர்ப்பு சொல்லும்.

31.5 கிலோஹெர்ட்ஸ் அருகே இருந்தால் அது விஜிஏ. எந்த விஜிஏ டிரைவர் போர்டும் (வீடியோவை வாங்கி எல்சிடி பேனலை ஓட்டும் போர்டு) பிடித்துக்கொள்ளும். டிடிஎஸ் வரிசையில் பின்பக்க விஜிஏ சிக்னலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் 544ஏ, 644ஏ, 784ஏ போன்ற கலர் மாடல்களில் டியூபுக்குப் போகும் உள் வீடியோவைத் தொடவே கூடாது. அங்கே உண்மையில் இருப்பது கறுப்பு வெள்ளை டியூப்தான். முன்னால் உள்ள திரவப் படிக ஷட்டர் நிறத்தை ஒவ்வொன்றாக மாற்ற, ஒவ்வொரு நிறத்தின் படமும் அடுத்தடுத்து வருகிறது. அதை எல்சிடி போர்டு புரிந்துகொள்ளாது.

15.7 கிலோஹெர்ட்ஸ் அருகே என்றால், ஜிபிஎஸ்-8200 (GBS-8200) மாதிரி ஆர்கேட் விளையாட்டு இயந்திரங்களுக்கான மாற்றிப் போர்டுகள் போதும்.

சிக்கல் நடுவில் வருபவை. பழைய ஐபிஎம் மோனோகுரோம் மானிட்டர் 18.4 கிலோஹெர்ட்ஸில் ஓடியது. அந்தக் காலத்துக் கருவிகள் பலவும் அந்த வட்டாரத்தில் தங்களுக்கென்று ஒரு எண்ணை வைத்துக்கொண்டன. ஜிபிஎஸ் போர்டு 14.5 முதல் 16.5, 23.5 முதல் 25.5, 30.5 முதல் 32.5 என்ற இடைவெளிகளில்தான் பிடிக்கும். 'கொஞ்சம்தானே வித்தியாசம்' என்று வாங்கினால் உருளும் படத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். இதற்கு என் தேர்வு, ராஸ்பெர்ரி பை ஜீரோவில் ஓடும் ஆர்ஜிபி-டு-எச்டிஎம்ஐ என்ற திறமூல மாற்றி. டிடிஎல் வீடியோவை (ஆன், ஆஃப் என்ற இரண்டே நிலையுள்ள லாஜிக் சிக்னல்) நேரடியாக வாங்கும், டைமிங் எண்களை நாமே கொடுக்கலாம், ஒவ்வொரு புள்ளியும் சரியாக விழும். அதன் வெளியீட்டை எச்டிஎம்ஐ உள்ள டிரைவர் போர்டுக்குக் கொடுத்தால் முடிந்தது.

7. பேனல் வாங்குவது

இனி வாங்கலாம். அகலத்திரையை மட்டும் வாங்காதீர்கள். கழற்றும் டியூபும் 7 அங்குலம், 800க்கு 480 பேனலும் 7 அங்குலம் என்று பலர் ஏமாறுகிறார்கள். டியூப் 4:3. அகலத்திரையின் உயரம் சுமார் 9 சென்டிமீட்டர்தான். படம் சப்பையாகும், அல்லது இரு பக்கமும் கறுப்பு விட்டுச் சின்னதாகும்.

எச்பி 54600 வரிசையில் திரைக்குக் கீழே ஆறு பட்டன்கள். டிடிஎஸ்ஸில் கீழே ஏழு, வலப்பக்கம் ஐந்து. திரையில் வரும் மெனுப் பெயர்கள் இந்தப் பட்டன்களுக்கு நேராக நிற்க வேண்டும். அரைப் பட்டன் நகர்ந்தாலும் தினமும் தவறாக அழுத்துவீர்கள். அதனால் பட்டன்களின் முதலுக்கும் கடைசிக்கும் இடையிலான தூரத்தை அளந்து, படத்தின் அகலம் அதற்கு ஈடுகொடுக்கும் பேனலைத் தேடுங்கள்.

படம் 640க்கு 480 என்றால் அதே புள்ளி எண்ணிக்கையுள்ள 6.4 அங்குலத் தொழிற்சாலை ரகப் பேனல்தான் முதல் தேர்வு. 800க்கு 600 பேனலில் ஒவ்வொரு புள்ளியும் 1.25 மடங்கு விரியும், ஒற்றைப் புள்ளிக் கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் தெரியும். 1024க்கு 768இல் இது கொஞ்சம் மறையும். பழைய பேனல்களில் பேக்லைட் சிசிஎஃப்எல் (மெல்லிய ஃப்ளோரசன்ட்) குழலாக இருக்கும். அதன் இன்வெர்ட்டர் மறுபடியும் ஒரு ஹை வோல்டேஜ் இரைச்சல் பெட்டி. எல்இடி பேக்லைட் ரகமாகப் பாருங்கள்.

டிரைவர் போர்டைப் பேனலோடு சேர்த்தே, அதே பேனலுக்கான ஃபர்ம்வேர் ஏற்றியதாக வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினால் கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். போர்டில் பேனல் வோல்டேஜ் ஜம்பர் 3.3, 5, 12 என்று இருக்கும். 3.3 வோல்ட் பேனலுக்கு 12இல் ஜம்பர் கிடந்தால் முதல் ஆனிலேயே பேனல் போகும். செருகும் முன் மல்டிமீட்டரால் பாருங்கள்.

8. வீடியோ லெவலும் மின்சாரமும்

விஜிஏ போர்டு 75 ஓம் உள்ளீட்டில் 0.7 வோல்ட் எதிர்பார்க்கிறது. ஸ்கோப்பின் உள்ளே வருவதோ 5 வோல்ட் டிடிஎல். அப்படியே கொடுத்தால் எல்லாம் வெளுத்துப் போகும். இடையில் 74எச்சிடி244 பஃபர் போட்டு, அதற்குப் பின் 470 ஓம் தொடரில் கொடுங்கள், 0.69 வோல்ட் கிடைக்கும். பஃபர் எதற்கென்றால், 9 மில்லிஆம்பியர் அளவுக்குக் கொடுக்கப் பழைய எல்எஸ் வகை லாஜிக் ஐசிகளுக்குத் தெம்பு போதாது.

இரண்டு வீடியோ லைன் இருந்து, முழுப் பிரகாசத்தின்போது இரண்டும் சேர்ந்து உயருமானால், ஒன்றை 680 ஓம் வழியாகவும் மற்றதை 1.5 கிலோ ஓம் வழியாகவும் ஒரே புள்ளியில் சேருங்கள். இரண்டும் உயர்ந்தால் 0.69, ஒன்று மட்டும் என்றால் 0.48 அல்லது 0.22 வோல்ட். எந்த லைனுக்கு எது என்பதை மாற்றிப் போட்டுக் கண்ணால் முடிவு செய்யலாம். இதைப் பச்சை உள்ளீட்டுக்கு மட்டும் கொடுத்தால் பழைய பாஸ்பர் நிறம் வரும், மூன்றுக்கும் வெள்ளை வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர் ஜோடி. சிங்க் தலைகீழாக இருந்தால் 74எச்சிடி86 ஒன்றில் திருப்பிக்கொள்ளலாம்.

மின்சாரத்தை மானிட்டர் போர்டுக்குப் போன லைனிலிருந்தே எடுங்கள். அந்த லைன் அந்தச் சுமைக்காகவே வடிவமைக்கப்பட்டது. லாஜிக்கின் 5 வோல்ட்டிலிருந்து திருடினால் அளக்கும் போர்டுக்கே தள்ளாட்டம் வரும். 15 வோல்ட்டை 12 ஆக்க ஒரு பக் கன்வெர்ட்டர் (வேகமாக ஆன், ஆஃப் செய்து வோல்டேஜை இறக்கும் சுற்று), அதன் இரு பக்கமும் இண்டக்டரும் கண்டென்சரும்; அல்லது பதினொன்றாம் படியில் சொல்லும் லீனியர் ரெகுலேட்டர். எல்சிடி தொகுப்பு எடுக்கும் கரண்டைத் தனி பவர் சப்ளையில் அளந்து பார்த்த பிறகே ஸ்கோப்போடு இணையுங்கள்.

9. மேசையில் ஓட்டிப் பார்ப்பது

டியூப் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. எல்சிடியை மேசையில் வைத்து, நீள ஒயரில் எல்லாவற்றையும் இணைத்து ஓட்டுங்கள். இங்கே படம் வராவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு கனெக்டர் செருகினால் போதும்.

ஆட்டோ அட்ஜஸ்ட் அழுத்தும் முன் திரை நிறைய மெனு வரும்படி செய்யுங்கள். ஸ்கோப் படம் பெரும்பாலும் கறுப்பு. மெல்லிய கோடு மட்டும் இருந்தால் படத்தின் ஓரம் எது என்று போர்டுக்குத் தெரியாமல் கண்ட இடத்தில் வெட்டும். பிறகு கையால் திருத்துங்கள். செங்குத்துப் பட்டைகளில் மட்டும் எழுத்து மங்கினால் கிளாக் (ஒரு வரியில் எத்தனை புள்ளி என்ற செட்டிங்) தவறு, திரை முழுக்க ஒரே மாதிரி நடுங்கினால் ஃபேஸ் (புள்ளியை எந்தக் கணத்தில் படிப்பது என்ற செட்டிங்) தவறு. கிளாக்கை முதலில் சரிசெய்யுங்கள். கிளாக் தப்பாக இருக்கும்வரை ஃபேஸை எங்கே வைத்தாலும் ஏதோ ஒரு பட்டை மங்கலாகவே இருக்கும்.

ஒரு மணி நேரமாவது ஓட விடுங்கள். சூடானதும் படம் நகர்கிறதா, பக் கன்வெர்ட்டர் தொட முடியாத சூடா என்று பாருங்கள்.

10. டியூபைக் கழற்றிப் பேனலைப் பொருத்துவது

மறுபடியும் நான்காம் படி, முழுதாக. பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அனோடு தொப்பி, கழுத்துப் பின்புற சாக்கெட், யோக் கனெக்டர், எர்த் பின்னல் என்ற வரிசையில் கழற்றுங்கள். டியூபை எப்போதும் முகப்பைப் பிடித்துத் தூக்குங்கள், கழுத்தைப் பிடித்து அல்ல. முகம் கீழே வரும்படி துணி மேல் வையுங்கள்.

பேனலுக்கு 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் சட்டம் வெட்டி, டியூப் நின்ற அதே நான்கு திருகுத் துளைகளில் மாட்டுங்கள். சூப்பர் குளூ வேண்டாம், அதன் ஆவி திரையில் வெள்ளைப் படலமாக ஒட்டும். திருகுகளை இறுக்கும் முன் ஆன் செய்து, மெனுப் பெயர்களைப் பட்டன்களுக்கு நேராக நகர்த்திவிட்டு இறுக்குங்கள். டியூபுக்கு முன்னிருந்த கறுப்பு அல்லது நீல வடிகட்டிக் கண்ணாடியை எடுத்துவிட்டுத் தெளிந்த அக்ரிலிக் போடுங்கள், எல்சிடி ஒளிக்கு அந்த வடிகட்டி சுமை. சாதாரண டிஎன் பேனலைக் கீழிருந்து பார்த்தால் நிறம் தலைகீழாகும். ஸ்கோப்பை அலமாரியில் உயரத்தில் வைப்பவர்கள், எந்தக் கோணத்திலும் நிறம் மாறாத ஐபிஎஸ் ரகப் பேனல் வாங்கியிருக்க வேண்டும்.

ஒன்றைப் பலரும் மறக்கிறார்கள்: காற்றோட்டம். டியூப் போன இடம் வெற்றிடமானதும் ஃபேன் இழுக்கும் காற்று சுலபமான அந்த வழியில் போய்விடும், அளக்கும் போர்டு வேகும். பழைய மானிட்டர் கூண்டைத் தகடு வைத்து மூடி, காற்று முன்பு போன பாதையிலேயே போகச் செய்யுங்கள்.

மானிட்டர் போர்டில் இருந்த பிரகாச நாப் இனி எதையும் செய்யாது. டிரைவர் போர்டின் பட்டன் பலகையைப் பக்கவாட்டு வென்ட் துளை வழியாகக் கைக்கெட்டும்படி வைத்தால் போதும்.

11. இரைச்சல் சோதனை

மூன்றாம் படியில் எழுதிய எண்ணை எடுங்கள். அதே செட்டிங், அதே ஷார்ட் செய்த உள்ளீடு. கோடு தடித்திருந்தால் எஃப்எஃப்டியில் (சிக்னலை அலைவெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் வசதி) பாருங்கள். சில நூறு கிலோஹெர்ட்ஸில் கூர்முனை நின்றால் அது பக் கன்வெர்ட்டர் அல்லது பேக்லைட் டிரைவர். பேக்லைட் பிரகாசத்தை ஏற்றி இறக்கும்போது முனையும் மாறினால் பேக்லைட், மாறாவிட்டால் கன்வெர்ட்டர் மேல் சந்தேகம்.

தீர்வுகளை இந்த வரிசையில் செய்யுங்கள்: பவர் ஒயரில் ஃபெரைட் மணி, எல்சிடி உலோகச் சட்டத்துக்கும் சேஸிஸுக்கும் குட்டையான தடித்த எர்த், டிரைவர் போர்டுக்கும் உள்ளீட்டுப் பகுதிக்கும் நடுவே எர்த் செய்த இரும்புத் தகடு, கடைசியாக பக் கன்வெர்ட்டரைத் தூக்கிவிட்டு லீனியர் ரெகுலேட்டர். லீனியர் சூடாகும், ஆனால் சத்தம் போடாது. 15இலிருந்து 12 இறக்கும்போது அரை ஆம்பியருக்கு ஒன்றரை வாட்தான் வீண், சின்ன ஹீட்சிங்க் தாங்கும். சரியாகச் சொன்னால், 3 வோல்ட் இடைவெளி மட்டும் இருக்கும் இடத்தில் நான் முதலிலேயே லீனியர்தான் போடுவேன்.

அளவீட்டைத் திரும்பக் காலிபரேட் செய்ய வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். ராஸ்டர் ஸ்கோப்பில் கட்டமும் அலையும் ஒரே நினைவகத்திலிருந்து வருகின்றன. படம் நீண்டாலும் சுருங்கினாலும் இரண்டும் சேர்ந்தே நீளும், சுருங்கும். புரோப் காம்பன்சேஷன் சதுர அலையை ஒரு முறை பார்த்துக்கொண்டு மூடியைப் போடுங்கள்.

12. கழற்றிய டியூப்

டியூபின் கண்ணாடியில் ஈயம் இருக்கலாம், உள்ளே வெற்றிடம். குப்பைத் தொட்டியிலும் பழைய இரும்புக் கடையிலும் போடாதீர்கள், அங்கே யாராவது சுத்தியலால் தட்டுவார்கள். அட்டைப்பெட்டியில் துணி சுற்றிப் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். மானிட்டர் போர்டையும் யோக்கையும் ஈஎச்டியையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். டியூப் நன்றாக இருந்து போர்டு போன ஸ்கோப் வைத்திருக்கும் ஒருவர் இவற்றைத் தேடிக்கொண்டிருப்பார்.